போர்ட்டிகோவில் ஒரு ஹெரால்டு!

சென்ற மாதம் கூடுவாஞ்சேரியில் எங்கள் நெருங்கிய உறவுப் பெண்ணுக்கு வளைகாப்பு. "எல்லாரும் நம்ம வண்டியிலேயே போயிடலாம்" என்றார் என் கணவர். நம்ம வண்டி என்றதும் ஏ.ஸி. வைத்த புது வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். 1969-ஆம் வருஷம் என் மாமனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. என் கணவரைவிட வயதில் மூத்தது!

ஆதம்பாக்கத்திலிருந்து தாம்பரம் தாண்டும்வரை சமர்த்தாகத்தான் வந்தது. பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனதில் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுபோயிற்று. பட்டுப்புடவையும் கையில் சீர்த்தட்டுமாக நடுரோட்டில் நாங்கள்! பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. மாமியார் மட்டும் சிரித்தார்.

"விடும்மா. பொறந்த வீட்டு வாசல் வந்தா எந்தப் பொண்ணுதான் நிக்க மாட்டா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த வண்டி பிறந்ததே அந்தப் பக்கத்தில்தான். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்குப் பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில்தான் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் 1971 வரை ஹெரால்டு கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. கம்பெனியும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. எங்கள் வண்டிக்குத்தான் தாய்வீட்டு ஞாபகம் போகவில்லை!

"ஒண்ணுமில்லே, சூட்டிலே பெட்ரோல் ஆவியாகி பம்ப்பிலே அடைச்சுக்கிச்சு. ஈரத்துணி இருக்கா?" என்று கேட்டார் இவர். சின்னவனுக்கு முகம் துடைக்க வைத்திருந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். பெட்ரோல் பம்ப்பின்மேல் சுற்றி வைத்தார். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிட்டது. ஜுரம் வந்த பிள்ளைக்குப் பத்துப் போடுகிற வைத்தியம்தான்!

வளைகாப்பில் பெண்ணைச் சுற்றி இருந்த கூட்டத்தைவிட எங்கள் வண்டியைச் சுற்றி நின்ற கூட்டம் அதிகம். "எங்கப்பாகிட்ட இதே வண்டி இருந்துது" என்று ஒரு பெரியவர் கண் கலங்கினார். "எப்படிடீ வீட்டுக்காரரை இவ்வளவு செலவு பண்ண விட்டே?" என்று கேட்ட தோழிகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வண்டியால் எங்கள் வீட்டுக்குச் சந்தோஷமும் வந்தது. வாழ்நாளில் மறக்க முடியாத ஓர் இரவும் வந்தது.

முதலை வாயைத் திறக்குது!

1990-களிலேயே வண்டி ஓடாமல் நின்றுவிட்டது. போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்கியது. மாமனார் அப்போதும் அதை விற்கச் சம்மதிக்கவில்லை. அவர் காலமான சில வருஷங்கள் கழித்து, 2022-ல் இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கினார். அன்று முதல் எங்கள் ஞாயிறுகள் எல்லாம் கிரீஸ் வாசனைதான்.

ஹெரால்டைப் பற்றி இவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்த வண்டி. வடிவம் அமைத்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். இன்ஜின் 948 ஸி.ஸி. நான்கு கதவு வைத்த மாடல் நம் நாட்டில் மட்டுமே செய்தார்கள், எங்களுடையது அதுதான். மற்ற கார்களில் பானட்டை மட்டும் தூக்குவோம், இல்லையா? இதில் மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். "முதலை வாயைத் திறக்குது!" என்று கைதட்டுவாள் பெரியவள்.

பணத்துக்கு ஆரம்பத்திலேயே ஒரு கட்டுப்பாடு போட்டேன். மாதம் 3,000 ரூபாய். அதற்குமேல் தொட்டால் தீபாவளி போனஸில் கழித்துக்கொள்ள வேண்டும். தனிக் கணக்கு நோட்டு. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அலைந்து பழைய சாமான் தேடுவார். கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்வார். மாதக் கணக்கில் வேலை நகராமல் நின்றதும் உண்டு. ஆனால் கடன் என்ற பேச்சே வரவில்லை. வீட்டுக்காரரின் பொழுதுபோக்கு எதுவானாலும், இந்தக் கணக்கு நோட்டு ஒன்று இருந்தால் பாதிச் சண்டை குறையும் என்பது என் அனுபவம்.

பின் சீட்டில் குடித்தனம்

வெள்ளத்தில் துருப்பிடித்துத் தரைத்தகட்டில் கையகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. வெல்டிங் வைத்து அடைக்கப் புதுப்பேட்டை மெக்கானிக் பாய் நாள் குறித்துவிட்டார். முதல் நாள் மாலை பெரியவள் ஓடி வந்தாள்.

"அம்மா, வண்டிக்குள்ளே கீச் கீச்சுனு சத்தம் கேக்குது!"

பின் சீட்டின் முதுகை இவர் மெல்ல நகர்த்திப் பார்த்தார். அந்தக் காலத்துச் சீட்டு, உள்ளே தேங்காய் நார் திணித்தது. அந்த நாரையும், இவர் கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டையும் சேர்த்து ஒரு பந்து மாதிரிக் கூடு. உள்ளே கண் திறக்காத மூன்று அணில் குட்டிகள்! தாய் அணில் துவாரம் வழியாகப் போக வர இருந்திருக்கிறது.

"ராமர் தடவிக் கொடுத்த முதுகுடா. கைய வைக்காதே" என்றார் மாமியார். "ரெண்டு மாசமா காத்திருந்து ஆளைப் புடிச்சிருக்கேன்மா" என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை கூட்டை எட்டிப் பார்த்த பாய்தான் தீர்ப்புச் சொன்னார். "குட்டி போட்டிருக்கு சார். விடுங்க. நான் அப்புறமா வர்றேன்." அணில் குட்டி பால் மறக்க ஏறக்குறைய பத்து வாரம் ஆகும். அதுவரை வெல்டிங் கிடையாது என்று முடிவாயிற்று.

நகரத்தில் நம்மோடு குடியிருக்கும் ஜீவன்கள் எத்தனை என்று அந்த நாட்களில்தான் கவனித்தேன். விடியற்காலையில் காம்பவுண்டு ஓரமாக வாலை நீட்டிக்கொண்டு ஒரு கீரி போகும். தென்னை மரத்தில் ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தை. எலியையும் வண்டுகளையும் பிடித்துத் தின்கிற உபகாரி. ஆந்தை அலறினால் ஆகாது என்று பயந்தவள் நான். இப்போது குரல் கேட்காவிட்டால்தான் கவலைப்படுகிறேன். பழைய டயர் குவியலில் ஒருநாள் ஒரு நீளமான சாரை. விஷமில்லாதது, எலி தேடி வந்தது. ஆனால் பாம்பை அடையாளம் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு வேண்டாம். குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். வந்து பிடித்துப் போனார்கள்.

நான் கொடுத்த பாட்டில்

வெல்டிங் தள்ளிப்போனதும் இவருக்குக் கை சும்மா இருக்குமா? கார்புரேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து சமையலறைக்கு வெளியே உள்ள திண்ணையில் பரப்பினார். "கழுவறதுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி வைக்கணும். ஏதாவது காலி பாட்டில் இருக்கா?" என்று கேட்டார். தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன்.

சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது. நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். இவர் கை கழுவ உள்ளே வந்தார். அரை நிமிஷம் இருக்குமா? திண்ணையிலிருந்து ஒரு இருமல். அப்புறம் மூச்சு விடாமல் இருமல். ஓடிப் போய்ப் பார்த்தால் குழந்தையின் சட்டை நனைந்திருக்கிறது, வாயெல்லாம் பெட்ரோல் வாடை, பக்கத்தில் உருண்டு கிடக்கிறது அந்தப் பாட்டில்.

"உப்புத் தண்ணி கரைச்சுக் குடுத்து வாந்தி எடுக்க வை!" என்று பதறினார் மாமியார். நானும் டம்ளரை எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ், என் கையைத் தட்டிவிட்டார். "வாந்தி எடுக்க வைக்காதே! வாய் வழியா ஒண்ணும் குடுக்காதே! சட்டையைக் கழட்டிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. பாட்டிலையும் எடுத்துக்கோ!"

அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு ஆயுள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா விளக்கிச் சொன்னார். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் எல்லாம் ஒரே ஜாதி. வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் இவற்றில் பெரிய ஆபத்து. லேசாக ஓடும் திரவமாதலால், புரையேறினால் சட்டென்று மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நுரையீரல் வெந்து நிமோனியா மாதிரி ஆகிவிடும். வாந்தி எடுக்க வைத்தால் வெளியே வரும்போது மறுபடியும் புரையேறும். அதனால்தான் உப்புத் தண்ணீர், மோர், பால், முட்டை வெள்ளை எதுவும் கூடாது. குழந்தை பார்க்க நன்றாக இருந்தாலும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது. மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் ஆரம்பிக்கலாம்.

மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். இரவு முழுவதும் கவனிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். குழந்தை அசந்து தூங்கினான். அவன் மார்பு ஏறி இறங்குவதையே நாங்கள் இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். இவர் கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

"நாளைக்கே வண்டியை எடைக்குப் போட்டுடறேன்" என்றார்.

"வண்டி என்னங்க பண்ணிச்சு? பாட்டிலைக் கொடுத்தது நான்" என்றேன். அப்புறம் இருவரும் பேசவில்லை.

கடவுள் புண்ணியத்தில் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீடு திரும்பினோம். வாசலில் ஆட்டோ நின்றபோது பெரியவள், "அங்கே பாரும்மா!" என்று கையைக் காட்டினாள். தாய் அணில் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போர்ட்டிகோவிலிருந்து தென்னைமரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் சீட்டை நகர்த்தி எட்டிப் பார்த்தது பிடிக்கவில்லையோ என்னவோ, ஒவ்வொன்றாக மூன்றையும் இடம் மாற்றிவிட்டது. ஆபத்து வந்த பிறகு ஓடியவள் நான். வருவதற்கு முன்னாலேயே ஓடிய தாய் அது.

எங்கள் வீட்டுச் சட்டங்கள்

வண்டியை எடைக்குப் போடவில்லை. பதிலாக ஒரு தாளில் சட்டம் எழுதி ஸ்பானர் பெட்டியின்மேல் ஒட்டினோம். பழைய வண்டி இல்லாத வீடுகளுக்கும் இதில் பாதி பொருந்தும்.

1. சாப்பிடுகிற, குடிக்கிற பொருள் இருந்த பாட்டிலில் வேறு எதுவும் ஊற்றக்கூடாது. பெட்ரோல் மட்டுமல்ல, பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எல்லாமே அதனதன் டப்பாவில், பூட்டிய அலமாரியில். சாவி என்னிடம். முக்கியமாக ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். அது இனிக்கும். குழந்தையும் நாயும் ருசித்துக் குடித்துவிடும், கொடிய விஷம்.

2. பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். ஈயத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை செய்த உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய கதவு, ஜன்னல், தொட்டில் சுரண்டும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

3. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் உண்டு. ஊதித் தள்ளக்கூடாது.

4. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும்.

5. பழைய டயரில் மழைத்தண்ணீர் தேங்கவிடக்கூடாது. டெங்கு கொசுவுக்கு அதுதான் பிரசவ அறை. முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். நாங்கள் டயர்களையே அப்புறப்படுத்திவிட்டோம். எலியும் பாம்பும்கூட வரவில்லை.

6. வீட்டில் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே பார்க்க வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். எல்லாக் குழாயையும் புதிதாக மாற்றினோம்.

7. கூட்டிலிருந்து அணில் குட்டி விழுந்தால் ஒரு சிறு கூடையில் துணி விரித்து, பூனைக்கு எட்டாமல் அதே இடத்தில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். தாய் வந்து தூக்கிப் போகும். பாலைப் புகட்டாதீர்கள், அதற்கும் புரையேறி நுரையீரலுக்குள் போகும். நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம்.

பூநாரை பார்க்கப் போனோம்

வெல்டிங், டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்து, ஆர்.ஸி. புதுப்பித்து, இந்தத் தை மாதம் வண்டி ரோட்டுக்கு வந்தது. அந்தக் காலத்து வண்டியில் சீட் பெல்ட் கிடையாது. நான்கு பேருக்கும் பெல்ட் மாட்டி, சின்னவனுக்குத் தனிக் குழந்தை சீட்டும் வைத்த பிறகுதான் நான் ஏறினேன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் வழக்கத்துக்கு எங்கள் வீட்டில் இடமில்லை.

முதல் பயணம் கோயிலுக்கு. இரண்டாவது, விடியற்காலை பள்ளிக்கரணைக்கு. டப்பாவில் புளியோதரை, ஃபிளாஸ்க்கில் காப்பி. ஒரு பக்கம் எத்தனையோ வருஷங்களாக நகரத்துக் குப்பையைச் சுமந்த பெருங்குடிக் கிடங்கு, மறுபக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள். நடுவே சதுப்பு நிலம்! 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. மழைத்தண்ணீரைப் பஞ்சு மாதிரி வாங்கிக்கொள்ளும் இந்த இடத்தைச் சுருங்கவிட்டதற்கு 2015-ல் எங்கள் தெருவும் விலை கொடுத்தது என்று இவர் குழந்தைகளுக்குச் சொன்னார்.

தூரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பூநாரைகள்! "ஏம்மா பிங்க்கா இருக்கு?" என்றாள் பெரியவள். அது தின்னும் பாசியிலும் சின்ன இறால் பூச்சியிலும் உள்ள சாயம்தான் இறகில் ஏறுகிறது என்றேன். "அப்ப நான் காரட் தின்னா?" என்று கேட்டவளுக்கு அன்றிரவே காரட் பொரியல் செய்து போட்டேன். கூழைக்கடாக்கள், நீலத் தாழைக்கோழி, அரிவாள் மூக்கன் என்று மாமியார்கூட எண்ணிக்கொண்டே வந்தார். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் வலசை வரும் பறவைகளைப் பார்க்கலாம். சீக்கிரம் போங்கள், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், பறவைக்குப் பொரி, பிஸ்கட் போடாதீர்கள்.

இப்போது ஞாயிறு வந்தால் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது. கிரகப்பிரவேசம், சீமந்தம், பள்ளித்தோழி வீடு... பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களின் முகம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. நேரம் கொஞ்சம் கூட வைத்துக்கொண்டு, ஒரு ஈரத்துண்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

கிளம்புவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. மழைக்கும் குளிருக்கும் இன்ஜின் சூட்டைத் தேடி அணிலோ பூனையோ உள்ளே படுத்திருக்கலாம். ஒயரைக் கடித்து வைத்திருக்கவும் கூடும். அதனால் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வது. அந்த வேலையை இப்போது சின்னவன் ஏற்றுக்கொண்டுவிட்டான். தன் குட்டிக் கையால் பானட்டை மூன்று தடவை தட்டுவான். "யாராவது உள்ளே இருக்கீங்களா? நாங்க ஊருக்குப் போறோம், எறங்குங்க!" என்பான்.

பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் அவன் அப்பா சாவியைத் திருப்புவார்.